ஜன்னலுக்கு வெளியே ஒளியும் ஒலியும்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு என்னைப் பேசக் கேட்ட தலைப்பு, "தூரதர்ஷன் காலத்து மாலைகள்". இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் 2000க்குப் பிறகு பிறந்தவர்கள். அந்தக் காலத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதும், இணையத்தில் சுற்றும் பழைய படங்களும்தான். மரக்கதவு போட்ட சாலிடேர் டிவி, மொட்டைமாடி ஆன்டெனா, "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்ற அட்டை. கூடவே ஒரு வாக்கியமும் வரும்: "ஒரே சேனல், தெருவே ஒரு வீட்டில் உட்கார்ந்து பார்ப்போம், அப்போதெல்லாம் எந்த வித்தியாசமும் கிடையாது."

இந்த வாக்கியத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். தெருவே ஒரு வீட்டில் கூடியது உண்மை. ஆனால் எந்தத் தெரு? அந்த வீட்டில் யார் எங்கே உட்கார்ந்தார்கள்?

முதலில் ஒரு சின்ன வரலாறு. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1982இல் வண்ண ஒளிபரப்பு வந்தது. அதே ஆண்டு டெல்லியிலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே நிகழ்ச்சி என்ற ஏற்பாடும் வந்தது. 1984க்குப் பிறகு நாடெங்கும் சின்னச் சின்ன ஒளிபரப்பு நிலையங்கள் மளமளவென்று முளைத்தன. 1993இல் சன் டிவி வரும்வரை தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளுக்குத் தொலைக்காட்சி என்றால் தூரதர்ஷன்தான்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். படம், ராமாயணம், மகாபாரதம். ஆனால் ஒரு குடும்பத்தின் பழக்கத்தைச் செய்தது வாரநாட்கள்தான். மாலையில் வயலும் வாழ்வும், தமிழ்ச் செய்தி, செவ்வாய்க்கிழமை நாடகம், புதன்கிழமை இந்திப் பாட்டுக்கு சித்ரஹார், வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும். அதற்குப் பிறகு டெல்லிக்காரர்கள் வந்து இந்தியில் பேசத் தொடங்குவார்கள். பலர் எழுந்து சாப்பிடப் போய்விடுவார்கள்.

என் ஊர் மதுராந்தகம் பக்கம். அன்றைக்கு அது செங்கல்பட்டு மாவட்டம். சென்னையிலிருந்து படம் எட்டிப் பிடிக்க உயரமான கம்பம் நட்டு ஆன்டெனா கட்ட வேண்டும். 1986இல் எங்கள் ஊரில் அப்படி ஒரே ஒரு கம்பம்தான் இருந்தது. ஊர்த்தெருவில், பெரிய வீட்டில். என் ஆயாவும் அம்மாவும் அந்த வீட்டு நிலத்தில்தான் வேலை செய்தார்கள். அந்த வீட்டுக்காரர்களின் சாதியை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் இது அந்தச் சாதியின் கதையாகிவிடும், மற்றவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அப்போது எனக்கு எட்டு வயது. பெரிய வீட்டில் உட்காரும் முறையை யாரும் எழுதி ஒட்டவில்லை. எல்லோருக்கும் தெரியும். வீட்டார் கூடத்தில் நாற்காலியிலும் ஊஞ்சலிலும். அவர்கள் உறவுக்காரப் பிள்ளைகள் கூடத்தின் தரையில். ஊர்த்தெருவின் மற்ற சாதிப் பிள்ளைகள் நடையில், வாசற்படி ஓரம். நாங்கள் வீட்டுக்குப் பின்பக்கமாகச் சுற்றிப் போய், மாட்டுக்கொட்டகைப் பக்கம் இருந்த ஜன்னலுக்கு வெளியே. ஜன்னல் உயரம். அதனால் பெரிய பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள், சின்னப் பிள்ளைகள் கல்லுரலின் மேல் ஏறிப் பார்ப்பார்கள்.

அதுவும் சும்மா இல்லை. எங்கள் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். விதைக்கு மல்லாட்டை உரிக்க வேண்டிய நாட்களில், ஜன்னலுக்கு வெளியே கோணிப்பையில் கொட்டி வைத்துவிடுவார்கள். பாட்டைப் பார்த்துக்கொண்டே உரிக்க வேண்டும். பருப்பு உடைந்தால் விதைக்கு ஆகாது, அதனால் கையையும் கவனிக்க வேண்டும். உரிக்கும் சத்தம் நின்றால் உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: "என்னாடி, படத்துல மயங்கிட்டீங்களா? ஜன்னல சாத்தட்டுமா?" மறுபடியும் சத்தம் தொடங்கும். பகலில் இதே வேலையைச் செய்தால் மரக்கால் கணக்கில் கூலி உண்டு. ராத்திரியில் ஜன்னலே கூலி.

வெள்ளிக்கிழமை அரைமணி நேரத்தில் வரும் பாட்டுகளில் பாதியை நான் பார்த்திருக்கிறேன், மீதியைக் கேட்டிருக்கிறேன். பார்ப்பதற்கும் கூலி கொடுத்தவர்கள் நாங்கள். சாதி என்பது தீட்டு மட்டுமில்லை, காசில்லாமல் உழைப்பை எடுத்துக்கொள்ளும் வழியும்கூட. அதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே என் விரல் நுனிக்குத் தெரியும்.

சரி, அந்தப் பெட்டிக்குள் என்ன ஓடியது? அதையும் பார்க்க வேண்டும்.

வயலும் வாழ்வும் நல்ல நிகழ்ச்சி. ஐ.ஆர். 20, ஐ.ஆர். 50 நெல், யூரியா, பூச்சிமருந்து அளவு எல்லாம் சொல்வார்கள். ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே நின்ற என் அம்மா கேட்டார்: "நாத்து நடுறவங்களுக்கு எதுனா சொல்லுவாங்களா, இல்ல நெலம் வச்சிருக்கிறவங்களுக்கு மட்டுந்தானா?" வயல் என்றால் நிலம் உள்ளவர், வாழ்வு என்றால் அவருடைய வாழ்வு. சேற்றில் நிற்பவருக்குக் குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்று அந்த ஜன்னல் வழியாக நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை நாடகங்களில் பல, சென்னை சபாக்களில் நடந்துகொண்டிருந்த குழுக்களின் நாடகங்கள். கூடத்தில் ஒரு சோபா, ஒரு டெலிபோன், ஆபீஸ் போகும் அப்பா, அரட்டை அடிக்கும் மாமா. "வாங்கோ, போங்கோ" என்று பேசுவார்கள். நகைச்சுவை நன்றாகவே இருக்கும், நாங்களும் சிரித்திருக்கிறோம். ஆனால் குடும்பம் என்றால் அந்தக் கூடம்தான், தமிழ் என்றால் அந்தப் பேச்சுதான் என்று வாரம் தவறாமல் பார்த்துப் பார்த்து மனதில் பதிந்தது. மறுநாள் நடவில் என் அம்மா அந்தப் பேச்சைப் பேசிக் காட்டுவார். வரப்பே சிரிக்கும். பள்ளிக்கூடத்தில் நான் எங்கள் வீட்டுப் பேச்சைப் பேசினால் வகுப்பே சிரிக்கும். இரண்டும் ஒரே சிரிப்பு இல்லை.

இந்தியில் முதல் நெடுந்தொடர் ஹம் லோக். 1984 ஜூலையில் தொடங்கி ஏறத்தாழ 17 மாதம் ஓடியது. கீழ்நடுத்தரக் குடும்பம் ஒன்றின் கதை. குடும்பக் கட்டுப்பாடு போன்ற செய்திகளைக் கதை வழியாகச் சொல்ல மெக்சிகோவின் முன்மாதிரியைப் பார்த்துத் திட்டமிட்டது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து பேசுவார். ஹம் லோக் என்றால் "நாங்கள்" என்று பொருள். அந்த "நாங்கள்" யார் என்ற கேள்வியை இந்தி தெரியாத நாங்கள் அன்று கேட்க முடியவில்லை.

தூரதர்ஷன் சாதியைத் தொடவே இல்லை என்று சொல்ல முடியாது. பிரேம்சந்த் கதையை வைத்து சத்யஜித் ராய் 1981இல் தூரதர்ஷனுக்காக எடுத்த படம் சத்கதி. மகளின் நிச்சயத்துக்கு நாள் குறித்துத் தரச் சொல்லிப் பார்ப்பனர் வீட்டுக்குப் போகிறார் துக்கி. அவர் தோல் வேலை செய்யும் சாதியைச் சேர்ந்தவர். உடம்பு சரியில்லாதவரை அந்த வீட்டில் விறகு பிளக்கச் சொல்கிறார்கள். பிளந்து பிளந்து அங்கேயே சாகிறார். ஓம் புரியும் ஸ்மிதா பாட்டீலும் நடித்தது. நான் அதைக் கல்லூரியில் படிக்கும்போதுதான் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு மல்லாட்டைச் சத்தம் கேட்டது. துக்கிக்கு ஒரு நல்ல நாள் வேண்டும், எங்களுக்கு ஒரு பாட்டு வேண்டும். இரண்டுக்கும் விலை ஒன்றே, கொல்லைப்புறத்தில் இலவச வேலை.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

1989இல் எங்கள் ஊராட்சிக்கு ஒரு டிவி வந்தது. பொது டிவி. பழைய ரேடியோ ரூமில், பூட்டுப் போட்ட மரப்பெட்டிக்குள் வைத்தார்கள். சாயங்காலம் மோட்டார் போடுகிறவர் வந்து திறந்து விடுவார்.

பொது டிவி என்பது புதிய யோசனை இல்லை. 1975-76இல் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் உதவியுடன் ஆறு மாநிலங்களில் சுமார் 2400 கிராமங்களுக்கு அரசு தொலைக்காட்சியைக் கொண்டுபோனது. தமிழ்நாடு அதில் இல்லை. பள்ளிக்கூடம் போன்ற பொது இடத்தில் பெட்டியை வைத்தால் ஊர் முழுக்க வந்து பார்க்கும் என்பது கணக்கு. ஊர் என்றால் ஊரும் சேரியும் சேர்ந்தது என்று டெல்லியில் நினைத்துக்கொள்ளலாம். எங்கள் ரேடியோ ரூம் இருந்தது ஊர்த்தெருவின் நடுவில். அதன் முன்னால் இருந்த சிமெண்ட் தரையில் ஊர்க்காரர்கள் உட்காருவார்கள். நாங்கள் ரோட்டுக்கு இந்தப் பக்கம் புளியமரத்தடியில். அங்கிருந்து பார்த்தால் வெளிச்சம் தெரியும், முகம் தெரியாது.

என் சித்தப்பா பத்தாம் வகுப்பு முடித்தவர். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. 1990 ஏப்ரல் 12, வியாழக்கிழமை. அன்று நாடாளுமன்ற மைய மண்டபத்தில் பாபாசாகேப் அம்பேத்கரின் படத்தைப் பிரதமர் வி.பி. சிங் திறந்து வைத்தார். சித்தப்பா லீவு போட்டு ஊருக்கு வந்திருந்தார். "ராத்திரி செய்தியில காட்டுவாங்க. எல்லாரும் வாங்க, போய்ப் பார்க்கலாம்" என்று வீடு வீடாகச் சொன்னார். நாற்பது பேர் இருக்கும். ஆயாகூட வந்தார்.

அன்றைக்கு நாங்கள் புளியமரத்தடியில் நிற்கவில்லை. சித்தப்பா நேராக ரேடியோ ரூம் முன்னால் போய் அந்தச் சிமெண்ட் தரையில் உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். ஏற்கனவே உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் கத்தவில்லை, அடிக்கவில்லை. செய்தி தொடங்கும் நேரத்துக்குப் பெட்டி அணைந்தது.

"கரண்ட் இல்ல" என்றார் திறந்து விடுகிறவர்.

அவர் தலைக்கு மேலேயே தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சித்தப்பா அதைக் கையால் காட்டினார். ஒன்றும் பேசவில்லை. நாங்கள் அங்கேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். செய்தி முடிந்திருக்கும் என்று தெரிந்த பிறகு எழுந்து வந்தோம். நாடாளுமன்றத்துக்குள் போய்விட்ட பாபாசாகேப், எங்கள் ஊர் ரேடியோ ரூமுக்குள் அன்று வர முடியவில்லை. நாங்கள் எழுந்து வந்து காலனி திரும்புவதற்குள் பின்னால் டிவி சத்தம் கேட்டது.

அதே ஆண்டு ஜனவரி 30 முதல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. அதற்கு முன்பே 1955இலிருந்து தீண்டாமைக் குற்றச் சட்டம் இருக்கிறது. சித்தப்பாவுக்கு இரண்டும் தெரியும். காலனிப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு அம்பேத்கர் மன்றம் தொடங்கி, ஒன்றிய அலுவலகத்துக்கு மனு கொடுத்தார். அரசுப் பணத்தில் வாங்கிய பொது டிவியை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க வழி செய்ய வேண்டும் என்பது கோரிக்கை. பலமுறை நடந்தார். வேலை நாள் கெட்டது, சம்பளம் போனது.

அடுத்த வருடம் பதில் வந்தது. எங்கள் காலனி பால்வாடிக்குத் தனியாக ஒரு டிவி.

தோழர்களே, நான் உண்மையைச் சொல்கிறேன். அன்று நான் குதித்தேன். நாங்கள் எல்லோரும் குதித்தோம். இனி ஜன்னல் இல்லை, மல்லாட்டை இல்லை, புளியமரம் இல்லை. முதல் வெள்ளிக்கிழமை பால்வாடியில் முன்வரிசையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒளியும் ஒலியும் முழுசாகப் பார்த்தேன். ஒரு முகத்தின் கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுகூடத் தெரிந்தது. சித்தப்பாவைக் கூப்பிட ஓடினேன். திண்ணையில் படுத்திருந்தார்.

"வா சித்தப்பா, நீ வாங்கிக் குடுத்த டிவி."

"நான் டிவியா கேட்டேன்? எடத்த கேட்டேன்" என்றார்.

அவர் கடைசிவரை அந்தப் பெட்டியைப் பார்க்கவில்லை. எனக்கு அது வீம்பாகத் தெரிந்தது. புரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆனது. டீக்கடையில் இரட்டைக் குவளை என்றால் உங்களுக்குத் தெரியும். எங்கள் மனுவுக்கு அரசு கொடுத்தது இரட்டைப் பெட்டி. ஊர்த்தெருவின் சிமெண்ட் தரை பழையபடி அவர்களுக்கே போனது. யாருக்கும் தண்டனை இல்லை, யாரும் வருத்தம் சொல்லவில்லை. நாங்கள் கேட்ட உரிமையை ஒரு பொருளாக மாற்றி, காலனிக்குள்ளேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள்.

1927 மார்ச்சில் மகாத்தில் பாபாசாகேப் தலைமையில் மக்கள் சவுதார் குளத்துக்கு நடந்தார்கள். அந்தக் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட நகராட்சி ஏற்கனவே தீர்மானம் போட்டிருந்தது. போன மக்கள் தாகத்தால் போகவில்லை. நாங்களும் மனிதர்கள் என்று நிறுவப் போனார்கள். "உங்களுக்குத் தனியாக ஒரு குளம் வெட்டித் தருகிறோம்" என்று சொல்லியிருந்தால் அது பதிலாகியிருக்குமா? எங்கள் ஊர் டிவியும் ஒரு குளம்தான். சித்தப்பாவுக்கு அது தெரிந்திருந்தது. எனக்குப் பாட்டு வேண்டியிருந்தது.

தனியாகக் கொடுப்பது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. தனித் தொட்டிதான். அதையும் விட்டுவைக்கவில்லை.

இதைச் சொன்ன பிறகு இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவள் ஆவேன்.

2006 தேர்தலில் திமுக இலவச வண்ணத் தொலைக்காட்சி என்று அறிவித்தது. ஆட்சிக்கு வந்ததும் 14 அங்குல டிவி கொடுக்கத் தொடங்கினார்கள். அப்போது நான் சென்னையில் வேலையில் இருந்தேன், கூட்டங்களுக்குப் போவேன், நிறையப் பேசுவேன். "அரிசிக்கு வழியில்லாதவனுக்கு டிவியா, ஓட்டுக்கு லஞ்சம்" என்று நானும் எழுதினேன். அந்தத் திட்டம் உச்ச நீதிமன்றம்வரை போனது. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013இல் தீர்ப்பு வந்தது. அந்த டிவி யாருடைய கேபிள் வியாபாரத்துக்கு உதவியது என்ற கேள்வியும் நியாயமான கேள்விதான். நான் யாருக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை.

ஆனால் டிவி வந்த பிறகு ஊருக்குப் போயிருந்தேன். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து ஏதோ ஒரு சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த சீரியலில் வந்த வீடும் எங்கள் வீடு இல்லை, பழைய செவ்வாய்க்கிழமைக் கூடம்தான், சாயம் மட்டும் புதுசு. நான் என் பிரசங்கத்தைத் தொடங்கினேன். அம்மா ரிமோட்டை எடுத்து டிவியை நிறுத்தினார். மறுபடி போட்டார். மறுபடி நிறுத்தினார்.

"பாத்தியா? போடறதும் நிறுத்தறதும் எங்கையில இருக்குது. இதுக்கு இன்னா சொல்ற?"

எனக்குத் தெருவிளக்கு ஞாபகம் வந்தது. பதில் வரவில்லை. கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது இலவசமாகத் தெரியலாம். ஜன்னலுக்கு வெளியே நின்றவருக்கு அது ஒரு சுவிட்ச். "இலவசம்" என்று கேலி செய்வதற்கு முன்னால், நாம் எங்கே உட்கார்ந்து பேசுகிறோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். இது எனக்கு நானே சொல்லிக்கொண்டது.

ஆகவே அம்மா சொன்னதும் சரி, சித்தப்பா சொன்னதும் சரி. சொந்த வீட்டில் சொந்தப் பெட்டி வேண்டும், அது சுயமரியாதை. அதனால் பொது இடத்தைக் கேட்பதை நிறுத்திவிடக் கூடாது. இன்று ஆளுக்கு ஒரு போன் வந்துவிட்டது. யாரும் யார் வீட்டு ஜன்னலிலும் நிற்க வேண்டியதில்லை. அதை வைத்துக்கொண்டு "இப்போதெல்லாம் யார் சாதி பார்க்கிறார்கள்" என்கிறார்கள். எங்கள் ஊர் ரேடியோ ரூம் இடிந்து கிடக்கிறது. சிமெண்ட் தரை மட்டும் இருக்கிறது. போன முறை போனபோதும் அங்கே எங்கள் பிள்ளைகள் யாரும் உட்காருவதில்லை என்றுதான் சொன்னார்கள். ஒன்றாக உட்கார வேண்டிய காரணம் போய்விட்டது, உட்காரக் கூடாது என்ற விதி அப்படியே இருக்கிறது.

உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். வீட்டில் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி யாராவது அந்தக் கால டிவியைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசினால், தடுக்காதீர்கள். பேசட்டும். பிறகு கேளுங்கள்: டிவி யார் வீட்டில் இருந்தது? நீங்கள் எங்கே உட்கார்ந்தீர்கள்? உள்ளே வராதவர்கள் யார்? அவர்கள் எங்கே நின்றார்கள்? கூடத்தில் இருந்த வீடானாலும் கேளுங்கள், ஜன்னலில் நின்ற வீடானாலும் கேளுங்கள். கூடத்தில் இருந்தவர்களுக்குப் பதில் சட்டென்று வராது. காத்திருங்கள். வந்த பதிலைத் தேதியோடு, ஊரோடு எழுதி வையுங்கள். நம்முடைய தொலைக்காட்சி வரலாற்றில் நிகழ்ச்சிகளின் பட்டியல் இருக்கிறது, ஜன்னல்களின் பட்டியல் இல்லை.

என் சித்தப்பா 2011இல் இறந்தார். அந்த ஏப்ரல் 12ஆம் தேதிச் செய்தியை அவர் கடைசிவரை பார்க்கவே இல்லை. அடுத்த நாள் பேப்பரில் வந்த படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டியிருந்தார். அது இப்போது என் வீட்டில் இருக்கிறது.